டொமஹாக்: காம்பிலிருந்து தொடங்குங்கள்

இணையத்தில் டொமஹாக் என்று தேடினால் முதலில் ஏவுகணை வரும். அப்புறம் நீள எலும்போடு ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு வரும். இங்கே இரண்டும் வேண்டாம். வட அமெரிக்கப் பழங்குடிகள் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த சின்னக் கோடாலிதான் விஷயம். வர்ஜீனியாப் பக்கம் வாழ்ந்த பவ்ஹாட்டன் மக்களின் சொல் அது. 1600களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வாயில் புகுந்து இப்படி ஆனது. முதலில் கல் தலைதான். ஐரோப்பிய வியாபாரிகள் தோலை வாங்கிக்கொண்டு இரும்புத் தலைகளைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு இன்று நாம் பார்க்கும் ஒல்லியான வடிவம் வந்தது.

நான் பெங்களூரில் அல்சூரில் இருக்கிறேன், வேலை ஒரு டூல்ரூமில், அதாவது ஆலைகளுக்கு வேண்டிய அச்சும் கருவியும் செய்யும் பட்டறையில். வீட்டுச் சுவரில் ஆறு டொமஹாக் தொங்குகின்றன. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "எங்கே வாங்கினீங்க?" ஆறில் இரண்டுதான் வாங்கியவை, அதுவும் இங்கேயே ஒருவரிடம் கைமாறி வந்தவை. மற்ற நான்கும் இந்த ஊரிலேயே செய்தவை. புதிதாக இறங்குகிறவர்கள் தலையைத் தேடி அலைகிறார்கள். எந்த பிராண்டு, எந்த ஸ்டீல், என்ன விலை என்று. காம்பு எப்படி நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆப்பு இல்லாத கோடாலி

நம் வீட்டுக் கோடாலியில் காம்பு கீழிருந்து நுழையும். மேலே வந்த நுனியில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். டொமஹாக்கில் ஆப்பே கிடையாது. காம்பின் மேல்நுனி தடித்தும் அடி மெலிந்தும் இருக்கும். அடிப்பக்கத்தைத் தலையின் துளைக்குள் மேலிருந்து விட்டு இழுத்தால், தலை தடித்த நுனியில் போய்ச் சிக்கி நின்றுவிடும். ஓங்கும் ஒவ்வொரு தடவையும் தலை வெளிப்பக்கமாகத்தான் போகப் பார்க்கும். அதாவது இன்னும் இறுகும்.

இதை நாம் பார்த்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். ரோடு தோண்டுகிறவர்கள் வைத்திருக்கும் குந்தாலி, அதான் பிக்காஸ், அதுவும் இதே கட்டுதான். வேலை முடிந்ததும் காம்பின் அடியைத் தரையில் ஒரு தட்டு தட்டுவார்கள், தலை சறுக்கிக் கீழே வந்துவிடும். மறுநாள் காலையில் தடித்த நுனியைத் தரையில் குத்தி இறுக்கிக்கொள்வார்கள். பத்து நிமிடம் நின்று அதைக் கவனித்தால் டொமஹாக்கில் பாதி தெரிந்துவிடும்.

இந்தக் கட்டினால் மூன்று லாபம். காம்பு முறிந்தால் ஒரு நல்ல கிளையைச் சீவிப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். தலையைத் தனியாகக் கழற்றி உள்ளங்கையில் பிடித்து மரம் சீவலாம், பட்டை உரிக்கலாம். பைக்குள்ளும் தலை ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு போகலாம். குலத்தைக் கெடுக்கும் கோடாலிக் காம்பு என்று நம் ஊரில் திட்டுவார்கள். இந்தக் கருவியைப் பொறுத்தவரை அந்தக் காம்புதான் குலத்தைக் காப்பாற்றுகிறது.

வாங்கும் முன் சட்டம்

இதைக் கடைசியில் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை ஆயுதமாகக் கணக்கிடுவதில்லை. அதன் கீழ் வரும் விதிகளிலோ வாள், ஈட்டி, குத்துவாள் வரிசையில் போர்க்கோடாலியும் பெயர் சொல்லி வருகிறது. கூடவே 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட ஆயுதங்களும். டொமஹாக்கின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, சாதாரணமாக 3 அங்குலம் இருக்கும். விறகு வெட்டும் கருவி என்று நீங்கள் சொல்வீர்கள். வரலாறு தெரிந்த அதிகாரி போர்க்கோடாலி என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

அதனால் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் போடுவதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஆயுதங்களை உரிமம் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர அந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. என் நண்பர் ஒருவர் ஆசையாக வரவழைத்த பார்சல் சுங்கத்தில் நின்று, கடிதம் மேல் கடிதம் எழுதி, கடைசியில் பொருளும் போய்ப் பணமும் போனது. பின்பக்கம் கூர்முள் வைத்த போர்க்கள மாடல்களை இங்கே செய்யச் சொல்லவும் வேண்டாம். பின்தலை சுத்தியல் போலத் தட்டையாக இருக்கட்டும். கூடாரத்து முளை அடிக்கவும் அதுதான் உதவும், கேள்வி வந்தால் பதில் சொல்லவும் அதுதான் உதவும்.

காட்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள். பன்னேர்கட்டா தேசியப் பூங்காவிலோ காவிரி வனவிலங்குச் சரணாலயத்திலோ அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் கத்தியே ஆயுதம்தான், கோடாலியைக் கேட்க வேண்டாம். வனத்துறை டிக்கெட் வாங்கி ஏறும் மலைகளுக்கும் வேண்டாம். நகரத்துக்குள் தெருவோர மரத்தில் ஒரு கிளையை வெட்டினாலும் 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அப்புறம் எங்கேதான் பயன்படுத்துவது? சொந்த நிலம், தெரிந்தவர் தோட்டம், நெருப்பு மூட்ட அனுமதி உள்ள தனியார் முகாம். நான் கனகபுரா சாலையில் ஒரு நண்பரின் தென்னந்தோப்புக்குப் போகிறேன். கார் டிக்கியில் சாக்கில் சுற்றி, தலை வேறு காம்பு வேறாக. மெட்ரோவில் ஸ்கேனர் தாண்டாது, முயற்சியே வேண்டாம். விமானத்தில் போவதானால் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில்தான்.

முதல் தலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கத்துச் சண்டே பஜாருக்குப் போங்கள். எட்டரை ஆனால் கூட்டம், ஒன்பது ஆனால் நல்ல சரக்கு போய்விடும். தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கும் பழைய கருவிகளில் நீங்கள் தேட வேண்டியது டொமஹாக் இல்லை, அது கிடைக்காது. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை உள்ள சுத்தியல் தலை. பட்டறைகளில் பால் பீன் என்பார்கள். 800 கிராமுக்குக் குறையாமல் எடுங்கள். வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூலில் தொங்கவிட்டு இன்னொரு இரும்பால் தட்டுங்கள். மணி மாதிரி ஒலித்தால் நல்லது, டொக்கென்று அமுங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு தடவை நான் இப்படிப் பத்து நிமிடம் தட்டிக்கொண்டிருந்தபோது கடைக்காரர், "என்ன சார், சுத்தியல் வாங்க வந்தீங்களா, கச்சேரிக்கு வந்தீங்களா?" என்றார். "கடைசியா சொல்லுங்க பாய்" என்று கேட்டு, சொன்னதில் பாதிக்கு வாங்கினேன்.

சுத்தியல் தலை நடுத்தரக் கார்பன் உள்ள நல்ல எஃகு. உருண்டைப் பக்கத்தைக் காய்ச்சி அடித்து நீட்டினால் வாய் ஆகிவிடும், தட்டைப் பக்கம் அப்படியே பின்தலையாக நிற்கும். இன்னொரு வழி லாரியின் கமான் பட்டை. அதை நடுவில் மடித்துத் துளை விட்டுச் சேர்த்து அடிக்க வேண்டும், கைதேர்ந்த கொல்லரால்தான் முடியும். முதல் தடவைக்குச் சுத்தியலே போதும்.

கொல்லர் பட்டறையைத் தேடி நான் ஓசூர்ப் பக்கம் போகிறேன். அரிவாளும் கொடுவாளும் அடிக்கிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். தெரிந்த லேத் கடையில் ஒரு கம்பியைச் சரிவாகக் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது 200 மி.மீ. நீளம், ஒரு முனை 36 மி.மீ., மறு முனை 28 மி.மீ. சுத்தியலின் சின்ன முட்டை வடிவத் துளையைக் காய்ச்சி இந்தக் கம்பியை மேலிருந்து அடித்து இறக்கினால் துளை வட்டமாக, மேலே அகலமும் கீழே குறுகலுமாக விரியும். எத்தனை தலை செய்தாலும் அதே கம்பி, அதே சரிவு. பிறகு ஒரு காம்பு எல்லாத் தலைக்கும் ஓரளவு பொருந்தும்.

"கோடாலியே இருக்கு, இது எதுக்கு சார் பொடிசா?" என்று கேட்டார் நான் முதலில் போன கொல்லர். விளக்கினேன். அவர் நியாயமாக, வாயை மட்டும் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கலாம் என்றார். நான் படித்த மேதாவி, "முழுசாவே தோய்ச்சிடுங்கண்ணா, உறுதியா இருக்கும்" என்றேன். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முழுத் தலையையும் இறக்கினார். வீட்டுக்கு வந்து மூன்றாவது அடியில் துளையின் ஓரத்தில் முடி போல ஒரு விரிசல். கெட்டியான எஃகு உடையும் எஃகு என்பதை டூல்ரூமில் தினமும் பார்க்கிறவன்தான் நான். அதனால் நினைவில் வையுங்கள்: வாயிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மட்டும் தோய்க்க வேண்டும், துளையைச் சுற்றிய பகுதி மென்மையாகவே இருக்க வேண்டும். தோய்த்த பிறகு மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, பளபளப்பாகத் தேய்த்த வாயில் பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம் ஓடும்போது நிறுத்தச் சொல்லுங்கள். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தினால் கத்திக்குச் சரி, கோடாலி வாய் சில்லு சில்லாகப் பெயரும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வாயில் அரத்தை ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டே போனால் மிகக் கெட்டி. வெண்ணெய் போல் கடித்தால் மெத்து. கொஞ்சம் முரண்டு பிடித்துக் கடிக்க வேண்டும்.

காம்பு போடுவது

அமெரிக்காவில் இதற்கு ஹிக்கரி மரம். நமக்குக் கருவேலம் போதும். மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் தலைமுறை தலைமுறையாகப் போட்ட மரம். வெக்காலி கிடைத்தால் விடாதீர்கள், வண்டி அச்சுக்குப் போட்ட மரம் அது. தேக்கு வேண்டாம், அழகு உண்டு, அதிர்ச்சி தாங்காது. சில்வர் ஓக்கும் வேண்டாம். மரக்கடை அலைச்சலே வேண்டாமென்றால் எஸ்.ஜே.பி. ரோட்டுக் கருவிக் கடைகளில் தயார் பிக்காஸ் காம்பு வாங்கி அறுத்துக்கொள்ளுங்கள். கட்டாக நிற்கும் காம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். நார் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராக ஓட வேண்டும். நடுவில் விலாப்பக்கம் நழுவி வெளியேறினால் அந்த இடத்தில்தான் உடையும். நுனியில் தெரியும் வளைய ரேகைகள் வாயின் திசைக்கு இணையாக இருக்கட்டும்.

நீளம் 45 முதல் 50 செ.மீ. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அது இதமாக இருக்கும். தடித்த நுனியை விட்டுவிட்டு மற்ற பகுதி முழுவதும் துளையின் குறுகிய பக்கத்தைவிட மெலிந்திருக்க வேண்டும். துளையின் அடி 29 மி.மீ. என்றால் காம்பு 27, 28க்குள். இல்லையென்றால் தலை பாதி வழியில் நின்றுவிடும். இதை மறந்து கைப்பிடியை அழகாக உப்ப விட்டுச் செதுக்கி, பிறகு தலையை மாட்ட முடியாமல் விழித்தவர்கள் நிறைய. நானும் ஒருவன்.

இப்போது பொருத்தல். டூல்ரூமில் இரண்டு பாகம் ஒன்றோடொன்று சரியாக உட்காருகிறதா என்று பார்க்க நீலச் சாயம் பூசி அழுத்துவோம். ப்ளூ மேட்ச் என்று பெயர். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே தேய்க்க வேண்டும். வீட்டில் அதற்கு என் மனைவியின் கண்மை டப்பா. துளையின் உட்புறம் விரலால் கண்மையை மெல்லிசாகப் பூசி, காம்பை மேலிருந்து விட்டு, நுனியைத் தரையில் இரண்டு தட்டு தட்டிக் கழற்றினேன். மரத்தில் இரண்டே இடத்தில் கறுப்பு. மேலே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் கீழே ஒரு பொட்டு. அப்படியென்றால் தலை அந்த இரண்டு புள்ளியில்தான் தொங்குகிறது, மற்ற இடமெல்லாம் காற்று. மர அரத்தால் அந்தப் பொட்டுகளை மட்டும் நாலு இழுப்பு. மறுபடி மை, மறுபடி தட்டு. பதினைந்து இருபது தடவைக்குப் பிறகு கறுப்பு சுற்றிவர மோதிரம் போல, மேலும் கீழும் பரவி வரும். அப்போது நிறுத்துங்கள். அவசரப்பட்டு மொத்தமாகத் தேய்த்தால் தலை மேலே ஏறி நுனியைத் தாண்டி வெளியே வந்துவிடும், காம்பு போச்சு. பொருந்திய தலைக்கு மேலே ஒன்று, ஒன்றரை செ.மீ. மரம் மிச்சம் நிற்க வேண்டும். நாள்பட இறுக இறுக அந்த மிச்சம்தான் கை கொடுக்கும். (டப்பாவைத் திருப்பி வைக்காதீர்கள், புதிதாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.)

கைப்பிடியை உடைந்த கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் சுரண்டினால் உப்புத்தாளைவிட வழவழப்பாக வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பெயின்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, அரை மணி நேரம் விட்டு மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள். மூன்று நான்கு பூச்சு. தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். வார்னிஷ் கையில் கொப்புளம் போட வைக்கும். ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. விரித்து வெளியே காய வையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

கூர்

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்க வேண்டாம். சக்கரத்தில் வாய் நீலமாகச் சூடேறினால் கொல்லர் போட்ட பதம் அந்த நொடியே போய்விடும். தட்டை அரம் ஒன்று போதும். ஒரு பக்கத்துக்கு 25 டிகிரி அளவு சாய்த்து, ஒரே திசையில் தள்ளுங்கள். எதிர்ப்பக்கம் விரலில் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் பக்கம் மாற்றுங்கள். கடைசியில் கல்லில் எண்ணெய் விட்டுச் சின்ன வட்டமாகத் தேய்த்து, பழைய பெல்ட்டில் இழுத்து முடியுங்கள். காகிதம் வெட்டும் கூர் தேவையில்லை. காய்ந்த மட்டையில் வழுக்காமல் கடித்தால் சரி.

பயன்படுத்துவது

முதல் மாதம் மண்டியிட்டு மட்டும் வெட்டுங்கள். நின்றுகொண்டு வெட்டும்போது குறி தவறினால் வாய் முழங்கால் பக்கம் வரும். மண்டியிட்டால் தரையில் போய்க் குத்தும். முன்னால் அடிக்கட்டை ஒன்று எப்போதும் வேண்டும். கையை நீட்டிக் கோடாலியோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், அந்த வட்டத்துக்குள் ஆளும் கூடாது, துணிக்கொடியும் கூடாது. குழந்தைகளும் நாயும் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் ஓங்க வேண்டும். செருப்பு வேண்டாம், ஷூ.

சுள்ளி பிளக்க ஓங்கவே தேவையில்லை. வாயை விறகின் தலையில் அழுத்தி, விறகையும் கோடாலியையும் சேர்த்துத் தூக்கிக் கட்டையில் தட்டினால் பிளந்துகொள்ளும். புதியவர்களுக்கு இதைவிடப் பத்திரமான முறை இல்லை. காய்ந்த சவுக்கு, தைலமரக் கிளை, தென்னை மட்டை இவற்றில் டொமஹாக் ராஜா. மணிக்கட்டுத் தடிமன் கிளைகளைச் சாய்வாக இரண்டு பக்கமும் கொத்திக் கொத்தி வெட்டுங்கள். நேர் குறுக்காக வெட்டினால் மாட்டிக்கொள்ளும்.

அதன் எல்லையும் தெரிய வேண்டும். தொடைத் தடிமன் கட்டையைப் பிளக்க நினைத்தால் ஒல்லித் தலை உள்ளே போய்ச் சிக்கிவிடும், இழுத்தால் காம்பு மட்டும் கையோடு வரும். அதற்குப் பெரிய கோடாலி இருக்கிறது. இளநீர் சீவ அரிவாளைவிட மேலான கருவி இன்னும் பிறக்கவில்லை. தோப்புக்காரர் முன்னால் டொமஹாக்கால் ஒரு இளநீர் சீவிக் காட்டப் போய், அரை இளநீரை என் சட்டைக்குக் கொடுத்துவிட்டேன்.

வீசிப் பழகும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு முழுச் சுற்று சுற்றிக் குத்த நாலு மீட்டர் தூரம் வேண்டும், மென்மரத்தின் குறுக்கு வெட்டுத் துண்டு இலக்கு, ஆட்கள் அனைவரும் வீசுகிறவருக்குப் பின்னால். மாடியில் வேண்டாம். நல்ல காம்பை அதற்குப் பலி கொடுக்கவும் வேண்டாம், மட்டமான ஒன்றைத் தனியாக வையுங்கள்.

சேர்ப்பது

நாலைந்து ஆன பிறகு அதற்கே ஒரு வெறி வரும். வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். வியாபாரிகள் கொடுத்த எளிய வட்டத்துளை மாடல் ஒன்று. சுத்தியல் பின்தலை ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் பரவிய புகைக்குழாய் மாடல்தான் விசித்திரம்: ஒரு பக்கம் வாய், மறுபக்கம் புகையிலைக் கிண்ணம், காம்பு உள்ளே ஓட்டை. உடன்படிக்கைகளின்போது பரிசாகக் கைமாறியது, போருக்கும் சமாதானத்துக்கும் ஒரே கருவி. இன்னொன்று வியட்நாம் மாடல். பீட்டர் லகானா என்பவர் 1966இல் அமெரிக்கன் டொமஹாக் கம்பெனி தொடங்கி, 1970 வரை சுமார் 4,000 செய்து வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கப் படைவீரர்களுக்கு விற்றார். படங்களில் பாருங்கள், சுவரில் மாட்ட வேண்டியதில்லை. பழைய அசல் என்று சொல்லி விற்கப்படுபவற்றில் போலிகள் ஏராளம். காசு இருந்தாலும் ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நான் அதற்குப் பதில் நம் பக்கத்துச் சின்னக் கோடாலிகளைச் சேர்க்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, ஆனேக்கல் சந்தை ஒவ்வொன்றிலும் தலையின் வளைவு கொஞ்சம் மாறுகிறது. எங்கே, எப்போது, யாரிடம், என்ன எடை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதாத சேகரிப்பு ஐந்து வருடத்தில் பழைய இரும்பு. நிலத்தில் வழவழப்பான கற்கோடாரி ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் எடுத்து வராதீர்கள். சித்திரதுர்கா மாவட்டத்துப் பிரம்மகிரியில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1947இல் அகழ்ந்தபோது அங்கிருந்த பழைய பண்பாட்டுக்கே கற்கோடாரியின் பெயரைத்தான் வைத்தார்; அப்படிப்பட்ட மண் இது. அவை தொல்லியல் துறைக்குச் சேர வேண்டியவை.

துரு

தோலுறையில் போட்டு அலமாரியில் வைத்தால் ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூர் ஈரம் தன் வேலையைக் காட்டிவிடும். உறை பயணத்துக்கு மட்டும். வீட்டில் திறந்தபடி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவித் தொங்கவிடுங்கள். ஆயுத பூஜைக்கு இறக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வீட்டில் வழக்கம், டூல்ரூமில் பழகிய பழக்கம். ஒரு வருடம் அப்படியே ஊருக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்து வந்து பார்த்தால், ஈரச் சந்தனம் இருந்த இடத்திலெல்லாம் வட்ட வட்டமாகத் துரு. ஒரு தலையில் அந்தப் பொட்டு இன்னும் போகவில்லை. பூஜை முடிந்த மறுநாள் காலை காபிக்கு முன்னால் துடைத்துவிடுங்கள்.